நாற்பத்தெட்டுப் பேரின் பொதுமூளை

முப்பத்தொன்பது பேர் முடிந்தாயிற்று, நாற்பதாவது ஆள் ஓடிக்கொண்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கிறார் என்றால் அவரில்லை, அவர் பாவம் ஆரப்பாளையத்திலோ அனுப்பானடியிலோ உட்கார்ந்து இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருப்பார், ஓடுவது அவருடைய மூளைப்படம், என் கணினிக்குள், பதினோரு சதவீதம், மணி பத்தேகால், பதினொன்றரைக்கு என் ஆய்வுக் கமிட்டி, அதற்குள் முடிந்துவிடும், முடியாவிட்டாலும் என்ன, முப்பத்தொன்பது பேரை வைத்தே நான் ஜெயித்தாகிவிட்டது. ஜெயித்துவிட்டேன். இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், ஜெயித்துவிட்டேன், நேற்று சாயங்காலம் நாலே முக்காலுக்கு, என் கைடு கோதண்டபாணி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, "சரிம்மா உமையாள், உன் டெம்ப்ளேட்டையே வச்சுக்குவோம்" என்றார், பதினாலு மாசச் சண்டை, ஒரே வாக்கியத்தில் முடிந்தது, நான் நன்றி சொல்லவில்லை, ஏன் சொல்ல வேண்டும், நியாயத்தை ஒத்துக்கொண்டதற்கு யாராவது நன்றி சொல்வார்களா, படி இறங்கி வந்து சைக்கிள் ஸ்டாண்டில் யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து இரண்டு குதி குதித்தேன், அவ்வளவுதான். பதினாலு மாசமாக அவர் சொன்னது ஒன்றே ஒன்று, "எல்லாரும் அந்த வெளிநாட்டு டெம்ப்ளேட்டைத்தானே பயன்படுத்துறாங்க." எல்லாரும் என்றால் யார் சார்? எல்லாரும் என்றால் எல்லாரும்தாம்மா. இதற்கு என்ன பதில் சொல்வது, எல்லாரும் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான், தேவகோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இரட்டைப் பின்னல் போட வேண்டும் என்றபோது ஒற்றைப் பின்னலோடு போய் வெயிலில் நின்றவள் நான், இப்போது நினைத்தால் இரட்டைப் பின்னல் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை, ஆனால் காரணம் சொல்லியிருக்கலாம் இல்லையா, காரணம் சொன்னால் நான் நாலு பின்னல்கூடப் போட்டுக்கொண்டிருப்பேன்.

பதினெட்டு சதவீதம். கமிட்டியில் முதலில் டெம்ப்ளேட் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும், வெளியிலிருந்து வருகிற புள்ளியியல்காரர் ஒருவருக்கு இது தெரியாது, தெரியாதவருக்குச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்கும், தெரிந்தவர்கள் கேட்பதே இல்லை, தலையாட்டுகிறார்கள். ஐயா, நிறையப் பேரின் மூளைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால் ஒரு பொதுமூளை வரும், யாருடைய மூளையும் இல்லை, எல்லாருடையதும்தான், அதன்மேல் ஒவ்வொரு பகுதிக்கும் எல்லைக்கோடு போட்டிருப்போம், புதிதாக ஒருவர் படம் வந்தால் கணினி அந்தப் படத்தை இழுத்து, நசுக்கி, திருகி, பொதுமூளையோடு பொருத்தும், பொருந்தியதும் கோடுகளை இவர்மேல் இறக்கிவிடும், இது நினைவைச் சேர்க்கிற இடம், இது காது கேட்கிற இடம் என்று. ஆக எல்லாமே அந்தப் பொதுமூளை யாருடையது என்பதில்தான் இருக்கிறது. இதைத்தான் நான் சாரிடம் தையல்கடையை வைத்துச் சொன்னேன். சார், உங்க வீட்டம்மா தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் கொடுப்பாங்களா மாட்டாங்களா? கொடுப்பாங்க. யாரோட ஜாக்கெட்? அவங்களோடதுதான். பக்கத்து வீட்டு அம்மாவோட ஜாக்கெட்டைக் கொடுத்து இந்த அளவுக்குத் தைங்கன்னு சொன்னா? சார் சிரித்தார், சிரித்துவிட்டு, "அதெல்லாம் பேச நல்லா இருக்கும்மா, ஆய்வுப் பத்திரிகைக்காரன் கேப்பானே" என்றார். எங்கோ குளிர்நாட்டில், பெயர் தெரியாத ஆட்கள் படுத்து எடுத்த படங்களின் சராசரியில் மதுரைக்காரரின் தலையைத் திணித்துவிட்டு, இடிக்கிறது, பிதுங்குகிறது, உன் தலையில்தான் கோளாறு என்று சொல்வது என்ன நியாயம்? நம் தலைகள் முன்னும் பின்னும் கொஞ்சம் குட்டை, அதை இழுத்துப் பொருத்தும்போது கோடு நழுவி, நினைவைச் சேர்க்கிற பகுதியின் முன்முனையை நறுக்கிவிடுகிறது, அந்தப் பகுதி ஒரு கடல்குதிரை மாதிரி வளைந்திருக்கும், ஹிப்போகேம்பஸ், பக்கத்துக்கு ஒன்று, குதிரையின் தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் அளந்தால் சுருங்கிவிட்டது என்றுதான் வரும். அந்த டெம்ப்ளேட்டை வைத்து அளந்தபோது நாற்பது முதியவர்களில் பத்தொன்பது பேர் மறதிநோய்ச் சந்தேகத்துக்கென்று வைத்த கோட்டுக்குக் கீழே. என்னுடையதை வைத்து அளந்தால், நேற்று வரை, ஆறே பேர். பதிமூன்று பேரை நான் காப்பாற்றியிருக்கிறேன். இந்த எண்ணம் ராத்திரி முழுக்க நெஞ்சில் ஒரு சூடான இட்லி மாதிரி இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மறதிநோய் கிளினிக்கின் டாக்டர் ஃபாத்திமாவுக்குப் பட்டியல் போகும், கோட்டுக்குக் கீழே இருக்கிறவர்களை மட்டும் அவர் இன்னொரு சோதனைக்குக் கூப்பிடுவார், மற்றவர்களுக்கு இரண்டு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று கடிதம். பதிமூன்று வீடுகளில் இன்று நிம்மதி, அவர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது, தெரிய வேண்டாம், ஆய்வேட்டில் இருந்தால் போதும், பெரிய எழுத்தில்.

இருபத்தாறு. ஸ்லைடில் போட ஒரு நல்ல படம் வேண்டும், காப்பாற்றப்பட்ட பதிமூன்று பேரில் ஒருவருடையது. பதினேழாம் எண். பெயர் போடக்கூடாது, எண்தான், ஆனால் எனக்கு அவரைத் தெரியும், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எழுபத்திரண்டு வயசு, ஸ்கேன் மேஜையில் படுக்கவைத்துத் தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தபோது, "ஏம்மா, இதுக்கு டிக்கெட் எடுக்கணுமா, பாஸ் செல்லுமா?" என்று கேட்டார், உள்ளே மெஷின் டடடடவென்று அடித்துக்கொண்டிருக்கும்போது மைக்கில் "ஐயா, சௌகரியமா இருக்கீங்களா" என்றால், "ரைட் ரைட், போகட்டும்" என்று குரல் வந்தது, நானும் டெக்னீஷியனும் சிரித்த சிரிப்பு. வெளியே பெஞ்சில் அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்து, "வீட்டுக்கு வர்ற வழியை ரெண்டு தடவை மறந்துட்டாரும்மா, முப்பது வருஷம் ஊருக்கே வழி சொன்ன மனுஷன்" என்றார், அப்போது நான் என்ன சொன்னேன், பார்த்துக்கலாம்மா என்றேன், யார் பார்த்துக்கொள்வது, சரி விடு, அவர் அளவு நன்றாகத்தான் வந்திருக்கிறது, கோட்டுக்கு மேலே, நல்ல மேலே, வழியை யார்தான் மறக்கவில்லை, நானே டவுன்ஹால் ரோட்டில் ஒவ்வொரு தடவையும் தப்புச் சந்தில் நுழைகிறேன். படத்தைத் திறக்கிறேன். குறுக்கு வெட்டு, எண்பதாவது துண்டு, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு, இதோ குதிரை, அதைச் சுற்றி என் பச்சைக் கோடு, அழகு, முன்முனை முழுசாக உள்ளே, ஒரு மயிரிழை நறுக்கவில்லை, பாருங்கள் ஐயா, பாருங்கள் கோதண்டபாணி சார். ஓரத்தில் ஏதோ கறுப்பாக. மானிட்டரில் தூசு. துப்பட்டா நுனியால் துடைக்கிறேன். போகவில்லை. இந்த லேபில் ஏசியைத் துடைக்க யாரும் வருவதே இல்லை, தூசு முழுக்க மானிட்டருக்குத்தான் வருகிறது, போன வாரமே எழுதிக் கொடுத்தேன், எழுதிக் கொடுத்தால் அதன்மேலும் தூசு. எண்பத்து மூன்று. கறுப்பு இன்னும் இருக்கிறது. துண்டு மாறினால் தூசுமா மாறும்? இது கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. படத்தில் கறுப்பு என்றால் நீர், மூளையைச் சுற்றியும் உள்ளேயும் இருக்கிற நீர், சாம்பல் நிறம்தான் சதை, இது முதல் வருஷப் பாடம், பச்சைக் கோட்டுக்குள் சாம்பல்தான் இருக்க வேண்டும். மதியம் மெஸ்ஸில் என்ன, வியாழக்கிழமை, எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு, வேறு படம் எடுத்துக்கொள்ளலாம், நாற்பது பேரில் ஒன்றில் ஓரம் பிசகுவது சகஜம்தான், எல்லாருக்கும் பிசகும். எல்லாருக்கும். இந்த வார்த்தையை நானா நினைத்தேன்?

"என்ன தாயி, வெற்றி விழாவா?" எபனேசர் உள்ளே வருகிறான், கையில் இரண்டு கப் டீ, எனக்கு ஒரு வருஷம் சீனியர், பார்ப்பது எலிகளின் மூளை, எலிகள் கமிட்டிக்கு வருவதில்லை என்பதால் எப்போதும் சந்தோஷமாக இருப்பான். "நேத்து சாரை அடிச்சு வீழ்த்திட்டியாமே, கேன்டீன் அண்ணன் வரைக்கும் நியூஸ் போயிருக்கு." வீழ்த்தலைப்பா, ஒத்துக்கிட்டார். "ஒத்துக்கிட்டாரா, களைச்சுப் போனாரா?" டீயை வை, வைத்துவிட்டுப் போ. போகமாட்டான். என் முதல் ஸ்லைடை எட்டிப் பார்க்கிறான், அதில் என் பொதுமூளை சுற்றிக்கொண்டிருக்கிறது, ஊதா நிறத்தில், நாற்பத்தெட்டுப் பேரின் சராசரி, சொந்தக் குழந்தையைப் பார்ப்பதுபோல அதை நான் தினம் ஒரு தடவை பார்ப்பேன். "இதுல நானும் இருக்கேன்ல?" இருக்க. நாற்பத்தெட்டுல ஒரு பங்கு. "மிச்சம்?" மிச்சம் நம்ம பி.ஜி. பசங்க மூணு பேரு, நானு, அப்புறம் நம்ம ஹாஸ்டல் பொண்ணுங்க நாப்பத்தி மூணு பேரு. உன் மூளையை நீயே பாரு, பிரிண்ட் போட்டுத் தர்றோம்னு மெஸ் வாசல்ல நோட்டீஸ் ஒட்டினேன்ல, ரெண்டே நாள்ல வரிசை கட்டிட்டாங்க, பாதிப் பேருக்கு இன்னும் அதுதான் வாட்ஸ்அப்ல முகப்புப் படம். எபனேசர் டீயை உறிஞ்சிக்கொண்டு ஊதா மூளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "லட்சணமாத்தான் இருக்கு. வயசு என்ன தாயி, இருபத்தி ரெண்டா? படிப்பு எம்.எஸ்ஸி. சைவம் அசைவம் கலந்து. நல்ல வரனா பாத்து முடிச்சிருவோமா?" போடா என்றேன், சிரித்தேன், சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது, அவன் கதவைத் தள்ளிக்கொண்டு எலிகளைப் பார்க்கப் போய்விட்டான், வயசு என்ன தாயி, அறையில் அந்தக் கேள்வி மட்டும் ஏசி சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. ஐம்பத்தொன்று சதவீதம். பதினாலு மாசமாக நான் சாரிடம் கேட்டது என்ன? ஊர் என்ன சார், அவங்க ஊர் என்ன, எந்த நாட்டுத் தலை? ஒரு தடவைகூட வயசு என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும்.

இல்லை, நிதானமாக. வயசானால் என்ன ஆகும், எல்லாருக்கும் கொஞ்சம் சுருங்கும், சுருங்கிய இடத்தில் நீர் நிரம்பும், இருபத்திரண்டு வயசு மூளையில் குதிரை தன் லாயத்தில் கச்சிதமாக நிற்கும், சுற்றிலும் இடமே இருக்காது, எழுபத்திரண்டில் குதிரை இளைத்திருக்கும், லாயம் அப்படியே இருக்கும், சுற்றிலும் நீர். என் கோடு லாயத்தைச் சுற்றிப் போட்ட கோடு. லாயத்தை அளந்துவிட்டுக் குதிரை நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். இருக்காது. இன்னொரு படம் பார்க்கிறேன், ஒன்பதாம் எண், அறுபத்தெட்டு வயசு அம்மா, பச்சைக்குள் கறுப்பு. இருபத்திரண்டாம் எண், கறுப்பு. முப்பது, கொஞ்சம். முப்பத்தாறு, வேண்டாம், மூடிவிட்டேன், மறுபடி திறந்தேன், கறுப்பு. காப்பாற்றிய பதிமூன்றில் பதினொன்றில் என் கோடு தண்ணீர் குடித்திருக்கிறது. ஆக, எழுபத்திரண்டு வயசுக் கண்டக்டருக்கு நான் கொடுத்த அளவு ஜாக்கெட் முதுகலை முதலாண்டு ஹாஸ்டல் பெண்ணுடையது. ஐயோ, சிரிப்பு வருகிறது, வரக்கூடாது, ஆனால் வருகிறது, அந்த மனிதர் மீசையோடு நிற்பதும் மெஸ் வாசலில் நாற்பத்து மூன்று பெண்கள் வரிசையில் நிற்பதும் சேர்ந்து வருகிறது, ரைட் ரைட், போகட்டும். எங்கே போகட்டும்? அவர் வீட்டுக்கு வழி மறந்ததை அவர் மனைவி என்னிடம் சொன்னார், டாக்டரிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம், ஏனென்றால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், நல்ல பெண் மாதிரி இருந்தேன். இரண்டு வருஷம் கழித்து வந்தால் போதும் என்று ஒரு கடிதம். இரண்டு வருஷத்தில் அவர் எத்தனை தடவை வழி மறப்பார். சரி, சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. கமிட்டி படம் படமாகப் பார்க்கப்போவதில்லை, நாலு ஸ்லைடு, இரண்டு கேள்வி, சமோசா. நான் முடித்துவிடுவேன், மே மாசம் சார் ரிடையர் ஆவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவேன், கொடுக்காவிட்டால் வேறு கைடு, யாரிடம் போவது, என்னோடு சண்டை போடாதவர் இந்தத் துறையில் யார் இருக்கிறார், அதாவது நான் சண்டை போடாதவர். அம்மா கேட்பாள், இந்த வருஷம் முடிஞ்சிரும்னியே என்று. சார் கண்ணாடியைக் கழற்றி வைப்பார், அதைவிட மோசம், பதினாலு மாசம் கழித்து அவர் முகத்தில் வரப்போகிற அந்தச் சின்னச் சிரிப்பு, நான் அப்பவே சொன்னேனேம்மா. சொல்லவில்லையே! அவர் இதைச் சொல்லவே இல்லை, எல்லாரும் எல்லாரும் என்றுதான் சொன்னார், வயசைப் பற்றி அவரும் பேசவில்லை, அந்தக் குளிர்நாட்டு டெம்ப்ளேட்டும் இளவட்டத் தலைகள்தான், இரண்டுமே தப்பு, அவருடையது குதிரையின் தலையை நறுக்கியது, என்னுடையது தண்ணீரைச் சேர்த்து அளந்தது, ஆக அவர் ஜெயிக்கவில்லை, நானும் தோற்கவில்லை, இல்லை, நான் தோற்றேன், நான் என்னிடம் தோற்றேன், என்னை எதிர்த்து வாதாட இந்தக் கட்டடத்திலேயே சரியான ஆள் நான்தான், இவ்வளவு நல்ல எதிராளி எனக்கு இதுவரை கிடைத்ததே இல்லை. எழுந்துவிட்டேன். எழுபத்து மூன்று சதவீதம், ஓடட்டும், அல்லது நிறுத்தட்டுமா, நிறுத்தினேன். லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படி ஏறுகிறேன், டீ ஆறிப்போய் மேஜையிலேயே இருக்கிறது, மணி பதினொன்று பத்து.

"வா உமையாள், இப்பத்தான் உன் வாதத்தை மனப்பாடம் பண்ணிட்டிருந்தேன்" என்கிறார் சார், இஸ்திரி போட்ட சட்டை, தலையைக்கூடச் சீவியிருக்கிறார், எனக்காகவா, கமிட்டிக்காகவா, மேஜையில் பட்டியல், ஆறு பெயர், டாக்டர் ஃபாத்திமாவுக்குப் போக வேண்டியது. சார், என் டெம்ப்ளேட் தப்பு. "என்னது?" தப்பு சார், எல்லாம் சின்னப் பொண்ணுங்க மூளை, வயசானவங்களுக்கு நீரையும் சேத்து அளந்துருச்சு, இதோ பாருங்க, இந்தக் கறுப்பு. அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்க்கிறார். "நம்ம ஊர்த் தலைம்மா அது. நீதானே சொன்ன?" ஊர் சரி சார், வயசு தப்பு. "ஓரத்துல பிசகுறது எல்லாருக்கும் இருக்கிறதுதாம்மா." எல்லாருக்கும் என்றால் யார் சார்? வாய் தானாகக் கேட்டுவிட்டது, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும், ஆனால் நான் விடவில்லை, எண்பத்து மூன்றாம் துண்டு, ஒன்பதாம் எண், இருபத்திரண்டு, முப்பத்தாறு, அவர் என் பழைய வாதங்களை எடுத்து எடுத்து என்மேல் போட்டார், நன்றாகத்தான் படித்திருக்கிறார், நானும் ஒவ்வொன்றாக உடைத்தேன், என் வாதம் உடைகிற சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார், படத்துக்கு மூக்கு தொடுகிற தூரத்தில் போய்ப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார், அந்தச் சின்னச் சிரிப்பு வரவே இல்லை. "பதினேழாம் நம்பர்... நம்ம கண்டக்டர்ல?" ஆமா சார். ஃபோனை எடுத்தார். "டாக்டர், கோதண்டபாணி பேசுறேன். பட்டியல் வராது. இல்ல, யாருக்கும் அந்த ரெண்டு வருஷக் கடிதம் போகவேண்டாம், நாப்பது பேரையும் கூப்பிட்டுருங்க. எங்க அளவு சரியில்லை. ஆமா, எங்களோடதுதான்." வைத்தார். எங்களோடது என்றார், உன்னோடது என்று சொல்லவில்லை, இதற்கு நன்றி சொல்லலாமா, சொல்லலாம், பிறகு. "கமிட்டிக்கு என்ன சொல்லப் போற?" இதையேதான் சார், ரெண்டு டெம்ப்ளேட்டும் ஏன் தப்புன்னு. "தள்ளிப்போகும். நான் மே மாசம் போயிருவேன்." தெரியும் சார். "அப்ப வயசான நல்ல மூளைக்கு எங்கேம்மா போறது? ஹாஸ்டல்லயா இருக்கு?" கிளினிக் பெஞ்சுல சார், கூட வர்றவங்க, புருஷனைக் கூட்டிட்டு வர்ற அம்மா, அக்காவைக் கூட்டிட்டு வர்ற தம்பி, அதே வயசு, அதே தெரு, மறதி இல்லாதவங்க, நாம அவங்களைத் திரும்பியே பாத்ததில்லை. சொல்லிக்கொண்டே நான் அவரைப் பார்க்கிறேன், சீவிய நரை, அகலமான நெற்றி, முன்னும் பின்னும் குட்டையான சுத்தமான மதுரைத் தலை. "என்ன அப்படிப் பாக்குற?" உங்களுக்கு ஐம்பத்தொன்பது முடிஞ்சிருச்சுல்ல சார்? "அதுக்கென்ன இப்போ?" அவருக்குப் புரிந்துவிட்டது, நாற்காலியோடு ஒரு அடி பின்னால் போனார். "எனக்கு அந்தக் குழாய்க்குள்ள மூச்சு முட்டும்மா. பன்னெண்டு வருஷமா ஆளுங்களை உள்ள அனுப்புறேன், நான் தலையை நீட்டினது கூட இல்லை." பதினெட்டு நிமிஷம்தான் சார், நான் மைக்ல பேசிக்கிட்டே இருப்பேன். "நீ பேசுவ. அதுதான் எனக்குப் பயமே" என்றார். காந்தத்துக்குள்ள உலோகம் எதுவும் போகக்கூடாது, உடம்புல கம்பி, ஸ்டென்ட் ஏதாவது இருக்கா சார்? இல்லை என்று தலையாட்டினார். கீழே கமிட்டிக்காரர்களின் கார்க்கதவுகள் சாத்துகிற சத்தம் கேட்டது, எழுந்திருக்க வேண்டும், இருவரும் எழுந்திருக்கவில்லை, அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, விரலில் இறுகிப்போன கல்யாண மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்ற ஆரம்பித்தார்.